60 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

சென்னைப் புறநகரில் முதல் வீடு தேடுகிற ஒருவரிடம் பட்ஜெட் எவ்வளவு என்று கேளுங்கள். "அறுபது" என்பார். அந்த அறுபது எது என்று அடுத்து கேட்டால்தான் தடுமாற்றம் வரும். பில்டர் சொன்ன விலையா, பத்திரத்தில் எழுதப்போகும் தொகையா, பால் காய்ச்சும் நாள் வரை ஆகப்போகும் மொத்தச் செலவா? மூன்றும் மூன்று தொகை. கடன் கிடைத்துவிடும் என்ற தைரியத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, பத்திரப்பதிவுக்கு முந்தின வாரம் நகையை அடகு வைக்க ஓடுகிறவர்கள் எல்லோரும் முதல் தொகையை மட்டும் பார்த்தவர்கள்தான். அதனால் வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே, வங்கி தருவது போக நம் கையிலிருந்து ரொக்கமாக எவ்வளவு இறங்கும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுவது நல்லது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்துக்குத் தெற்கே, புதிதாகக் கட்டும் இரண்டு படுக்கையறை ஃபிளாட். விலை 60 லட்சம். வேலை முடியும் தறுவாயில் இருக்கிறது, கட்டி முடிந்ததற்கு அதிகாரிகள் தரும் நிறைவுச் சான்று இன்னும் வரவில்லை.

முதலில் வங்கி. வீட்டு மதிப்பில் எத்தனை சதவீதம் வரை கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருக்கிறது. 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75. நம் வீட்டுக்கு 80 சதவீதம், அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் நம்முடையது. இந்த 48 உச்சவரம்புதான். சம்பளத்தையும் ஏற்கெனவே ஓடும் பைக் லோன், பர்சனல் லோன் எல்லாவற்றையும் பார்த்த பிறகு வங்கி 40 என்று சொன்னாலும் சொல்லும்.

அடுத்தது பத்திரச் செலவு. புது ஃபிளாட்டை பில்டரிடமிருந்து முதல்முறை வாங்குகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல் கணக்கு மாறியிருக்கிறது. அதற்கு முன் நிலப் பங்குக்கு ஒரு கிரயப் பத்திரம், கட்டுமானத்துக்கு ஓர் ஒப்பந்தம் என்று இரண்டாகப் பிரித்துப் பதிவார்கள். இப்போது நிலமும் கட்டடமும் சேர்ந்த மதிப்புக்கு ஒரே பத்திரம். 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 5, அதற்கு மேல் 7. எல்லாவற்றுக்கும் பதிவுக் கட்டணம் 2 சதவீதம் தனி. நம் 60 லட்சத்துக்கு மொத்தம் 7 சதவீதம், 4.20 லட்சம். இதே தொகைக்குப் பழைய ஃபிளாட்டோ தனி வீடோ மனையோ வாங்கினால் 7-ம் 2-ம் சேர்த்து 9 சதவீதம், 5.40 லட்சம். பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதச் சலுகை 2025 ஏப்ரலில் வந்தது. ஆனால் அது 10 லட்சத்துக்குள் இருக்கும் சொத்துக்கு மட்டும். ஊர்ப்பக்கம் மனை வாங்குகிறவர்களுக்கு உதவும். சென்னை ஃபிளாட்டுக்கு உதவாது.

இந்த 4.20 லட்சத்தை வங்கி, கடன் கணக்கில் சேர்க்காது. இது முழுக்கக் கைக்காசு.

அப்புறம் ஜிஎஸ்டி. நிறைவுச் சான்று வாங்காத வீட்டுக்கு 5 சதவீதம். விலை 45 லட்சத்துக்குள்ளும், உள்பரப்பு (வீட்டுக்குள் புழங்கும் இடம்) சென்னை போன்ற பெருநகரில் 60 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம். நிறைவுச் சான்று வந்தபின் விற்கும் வீட்டுக்கும் பழைய வீட்டுக்கும் ஜிஎஸ்டியே கிடையாது. நம் வீட்டுக்கு 3 லட்சம். சான்று வரும்வரை பொறுத்து வாங்கினால் இந்த 3 லட்சம் மிச்சம்தானே என்று தோன்றும். பல பில்டர்களும் அதற்குத் தகுந்தாற்போல் விலையை ஏற்றிவிடுவார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

இதுவரை 12, 4.20, 3. மொத்தம் 19.20 லட்சம். இனி வருவதெல்லாம் சில்லறை மாதிரி தெரியும், கூட்டினால்தான் வலிக்கும். வங்கியின் ப்ராசஸிங் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கடனுக்காகப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைப்பதைப் பதிவுசெய்ய, கடன் தொகையில் அரை சதவீதக் கணக்கில் ஒரு முத்திரைத்தீர்வை (அதற்கு உச்சவரம்பு உண்டு). வக்கீல் கட்டணம், பத்திர எழுத்தர் கட்டணம். மின் இணைப்பு, குடிநீர், கழிவுநீர் இணைப்புக்கென்று பில்டர் போடும் தொகை. அசோசியேஷன் கார்பஸ் நிதி (பெரிய பராமரிப்புச் செலவுக்கான பொதுச் சேமிப்பு), ஓரிரு வருட பராமரிப்புக்கு முன்பணம். கார் நிறுத்துமிடம் 60 லட்சத்துக்குள் அடக்கமா, தனியா? புரோக்கர் மூலம் போனால் அவர் கமிஷன். இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதித் தரச்சொல்லி பில்டரிடம் கேளுங்கள். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று பதில் வந்தால், பார்த்துக்கொள்ளப் போவது நீங்கள்தான் என்று அர்த்தம்.

சாவி கைக்கு வந்த பிறகு வீட்டுக்குள் நின்று மேலே பாருங்கள். ஃபேன் இருக்காது, கொக்கி மட்டும் இருக்கும். பில்டர் வீட்டில் அலமாரி என்றால் வெறும் சிமெண்ட் பலகை, கதவு இருக்காது. வாசலுக்கு இரும்பு கேட், ஜன்னலுக்குக் கொசுவலை, சமையலறையில் சிம்னி, குளியலறையில் கீசர், பால்கனியில் துணி காயப்போடக் கம்பி, தண்ணீருக்கு ஆர்ஓ. கையை எவ்வளவு இறுக்கினாலும் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இதில் 4, 5 லட்சம் போய்விடும். ஆக, 60 லட்சம் வீட்டுக்கு 25 லட்சம் கைக்காசு என்று வைத்துக்கொண்டால் மூச்சு முட்டாது. அதற்கு மேல் ஆறு மாதத் தவணை வங்கியில் தொடாமல் கிடக்க வேண்டும். அது இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஒரு விஷயம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், விற்பவருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை வாங்குபவர் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டும். நம் உதாரணத்தில் 60,000. இது கூடுதல் செலவில்லை, விற்பவர் பணத்திலிருந்து பிடிப்பது. ஆனால் பிடிக்காமல் விட்டால் வட்டியும் அபராதமும் நம் தலையில். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் இந்த 1 சதவீதம், 50 லட்சம் வரம்பு இரண்டுமே பொருந்தாது. பிடிக்க வேண்டிய வரி மிக அதிகம், நடைமுறையும் வேறு. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஓனரிடம் வாங்கும்போது ஆடிட்டர் ஒருவரைக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது.

கடன் என்னும் இருபது வருடம்

48 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 34,000. அசலில் கழிவது ஏழாயிரத்துச் சொச்சம். இருபது வருடம் முழுக்கக் கட்டினால் மொத்தம் ஏறக்குறைய ஒரு கோடி. அதே ஃபிளாட்டை வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், புறநகரில் பெரும்பாலும் இந்தத் தவணையில் பாதிகூட வராது. ஆகவே "வாடகை கொடுக்கிற காசைத் தவணையாகக் கட்டிவிடலாம்" என்ற கணக்கு காகிதத்தில்கூட நிற்காது. சொந்த வீடு வேண்டும் என்பதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். குழந்தையின் பள்ளி மாறாது, ஓனர் காலி செய்யச் சொல்ல மாட்டார், வயதான பெற்றோரை வைத்துக்கொள்ள முடியும். அந்தக் காரணங்களுக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் போதும்.

வங்கிகளில் வீட்டுக் கடன் வட்டி இப்போது பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) ஏறி இறங்கும் வகைதான். அப்படி மாறும் வட்டிக் கடனைத் தனிநபர்கள் முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. வருடத்துக்கு ஒரே ஒரு தவணை கூடுதலாகக் கட்டினால் போதும், இந்தக் கடனில் மூன்று வருடத்துக்கு மேல் குறையும். போனஸ் வந்தால் அதற்குப் போகட்டும்.

கடன் கொடுக்கும்போது ஒரு காப்பீட்டையும் சேர்த்துத் தருவார்கள். ஒரே பிரீமியமாக ஒன்றிரண்டு லட்சம் போட்டு, அதையும் கடனோடு சேர்த்துவிடுவார்கள். அதற்கும் இருபது வருடம் வட்டி ஓடும். இது கட்டாயம் என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள். தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுத்தால் செலவு குறைவு. வரிச் சலுகையை நம்பியும் கணக்குப் போட வேண்டாம். குடியிருக்கும் வீட்டுக் கடனின் வட்டிக்கு 2 லட்சம் வரை கழிவு என்பது பழைய வரிமுறையில்தான். இப்போது இயல்பாகவே நம்மைச் சேர்த்துவிடும் புதிய முறையில் அது இல்லை.

எத்தனை சதுர அடி வாங்குகிறோம்?

விளம்பரத்தில் 1,000 சதுர அடி என்றால், அது சுவர், பால்கனி, படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை எல்லாவற்றிலும் நம் பங்கைச் சேர்த்த கணக்கு. உள்ளே பாய் விரிக்கக் கிடைப்பது 720 இருக்கலாம். 60 லட்சத்தை 1,000-ஆல் வகுத்தால் சதுர அடி 6,000 ரூபாய். 720-ஆல் வகுத்தால் 8,333. இரண்டு வீடுகளை ஒப்பிடும்போது உள்பரப்பை வைத்து ஒப்பிட வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் அந்த அளவைத்தான் சொல்லச் சொல்கிறது.

அதைவிட முக்கியம் யுடிஎஸ் எனும் பிரிக்கப்படாத மனைப் பங்கு. ஃபிளாட்டில் கட்டடம் வருடா வருடம் பழசாகும், விலை ஏறுவது நிலம்தான். முப்பது வருடம் கழித்து இடித்துக் கட்டினாலும் இந்தப் பங்கை வைத்துத்தான் பேச்சு. நான்கு மாடிக் கட்டடத்தில் 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 500 சதுர அடி யுடிஎஸ் கிடைக்கலாம். இருபது மாடிக் கோபுரத்தில் அதில் பாதிகூடக் கிடைக்காது. நீச்சல் குளத்தைக் காட்டும்போது இந்த எண்ணையும் கேளுங்கள்.

பத்திரம் பார்ப்பது

இங்கேதான் அவசரப்படக் கூடாது. பில்டரிடம் வாங்கினாலும் பழைய வீடு வாங்கினாலும், நிலம் யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்ற சங்கிலி அறுபடாமல் இருக்க வேண்டும். அதற்கு மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படிக்க வேண்டும். வில்லங்கச் சான்று குறைந்தது முப்பது வருடத்துக்கு. இதைப் பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதில் "வில்லங்கம் எதுவும் இல்லை" என்று வந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தச் சான்று சொல்வது பதிவான ஆவணங்களை மட்டும்தான். பதிவாகாத உயில், பேச்சிலேயே நிற்கும் பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் தூங்கும் வழக்கு எதுவும் அதில் தெரியவேண்டிய கட்டாயமில்லை.

வழக்கமாகச் சிக்கல் வரும் இடம் வாரிசு. அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார், இரண்டு மகன்கள் சேர்ந்து விற்கிறார்கள், "அக்காவுக்குக் கல்யாணத்துக்கே எல்லாம் செய்துவிட்டோம்" என்கிறார்கள். அந்த அக்காவின் கையெழுத்து இல்லாமல் வாங்கினால் அவர் நாளைக்கு வழக்குப் போடலாம், ஜெயிக்கவும் செய்யலாம். இந்துக் குடும்பத்தில் அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956 சட்டத்திலேயே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-இலும் மத்திய அரசு 2005-இலும் சட்டம் திருத்தின. இறந்தவரின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வாரிசுச் சான்றிதழை வாங்கி, அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நேராகப் பத்திரத்தில் கையெழுத்தோ, பங்கை விட்டுக்கொடுத்த விடுதலைப் பத்திரமோ இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். மைனர் பங்கு இருந்தால் வக்கீலிடம் கேட்காமல் ஒரு அடிகூட நகரக் கூடாது.

பவர் பத்திரம் வைத்திருப்பவர் விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவரை நேரிலோ வீடியோ அழைப்பிலோ பார்த்துப் பேசுங்கள். கொடுத்தவர் இறந்துவிட்டால் பவரும் பொதுவாகச் செல்லாமல் போய்விடும். பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு நம்முடையதாகிவிட்டது என்று இருப்பதும் தவறு. அதனால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பட்டாவும் பத்திரமும் ஒரே சர்வே எண்ணைச் சொல்கின்றனவா, புலப்படத்தில் (அரசின் நில அளவை வரைபடம்) உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒத்துப்போகின்றனவா என்பது அடுத்தது. மனை என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான, ஒப்புதல் இல்லாத மனைகளை வரன்முறைப்படுத்தத் தனித் திட்டம் வந்தது. அந்த ஆணை இருந்தால் அதையும் வாங்கிப் பாருங்கள். ஃபிளாட் என்றால் அனுமதித்த வரைபடத்தையும் கட்டடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரைபடத்தில் மூன்று மாடி இருந்து நாம் வாங்குவது நான்காவது மாடி என்றால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடலாம்.

பெரிய திட்டங்கள் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாத, அல்லது 8 வீட்டைத் தாண்டாத திட்டங்களுக்கு விலக்கு உண்டு. சென்னைத் தெருக்களில் ஆறு வீடு, எட்டு வீடு கொண்ட கட்டடங்கள் இவ்வளவு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமோ என்னவோ. சட்டத்துக்குள் வரும் திட்டத்தில், ஒப்பந்தம் பதியாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. சாவி கொடுத்து ஐந்து வருடத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும். எட்டு வீட்டுக் கட்டடத்தில் இந்தப் பிடி இல்லை. அதை ஒப்பந்தத்தில் நாமே எழுதி வாங்க வேண்டும்.

வங்கி வக்கீல் பார்த்துச் சரி சொல்லிவிட்டார், போதாதா என்று கேட்பார்கள். அவர் வங்கிக்காகப் பார்க்கிறார். நமக்கென்று ஒரு வக்கீலுக்குச் சில ஆயிரம் கொடுப்பது இந்த மொத்தச் செலவில் ஒரு பொருட்டே இல்லை.

"பாதி ரொக்கமா கொடுத்துடுங்க"

பழைய வீடு விற்கிறவர்கள் இதைச் சொல்லாமல் இருப்பது அபூர்வம். 60 லட்சம் வீட்டுக்கு அரசின் வழிகாட்டி மதிப்புப்படி 45 லட்சத்துக்குப் பத்திரம், மீதி 15 லட்சம் கையில். பதிவுச் செலவில் 1.35 லட்சம் மிச்சமாகும் என்று ஆசை காட்டுவார்கள். ஆனால் வங்கி பத்திரத் தொகையைப் பார்த்துத்தான் கடன் தரும். 45-க்கு 80 சதவீதம், 36 லட்சம். 60-க்குக் கிடைக்க வேண்டிய 48 போய், 12 லட்சம் கூடுதலாக நாம் புரட்ட வேண்டும். நாளைக்கு விற்கும்போது வாங்கிய விலை 45 என்றுதான் கணக்கு. லாபம் அதிகமாகத் தெரியும், வரியும் அதிகம். இதற்கெல்லாம் மேல், வீட்டு விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விற்பவர் பிடிவாதமாக இருந்தால் வேறு வீடு பார்ப்பதுதான் வழி.

மழையில் ஒருமுறை

வீட்டை ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். 2015 டிசம்பரில் முடிச்சூர், வேளச்சேரிப் பக்கம் என்ன ஆனது என்று ஊரறியும். 2023-இல் மிக்ஜாம் புயலின்போதும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய பகுதிகளில் தண்ணீர் நின்றது. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று விற்பவரைக் கேட்காமல் எதிர்க் கடைக்காரரையும் வாட்ச்மேனையும் கேளுங்கள். காம்பவுண்டுச் சுவரின் அடியில் ஒரு பழுப்புக் கோடு இருந்தால் அதுவே பதில். தெரு, வீட்டு வாசலைவிட உயரமாக இருக்கிறதா? சென்னையில் ரோடு போடப்போட உயர்ந்துகொண்டே போகும், வீடு அப்படியே இருக்கும்.

பழைய வீடாக இருந்தால் குளியலறைக் குழாயைப் பாருங்கள். வாயில் வெள்ளையாக உப்புப் படிந்து கெட்டியாகியிருந்தால் போர்வெல் தண்ணீரின் லட்சணம் தெரிந்துவிடும். கீசரும் வாஷிங் மெஷினும் எத்தனை நாள் தாங்கும் என்பதும் தெரிந்துவிடும். கோடையில் மாதம் எத்தனை லாரித் தண்ணீர் வாங்குகிறார்கள், அதைப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்க்கிறார்களா என்று அசோசியேஷன் செயலாளரிடம் கேட்கலாம். ஓனர் பராமரிப்புப் பாக்கி வைத்திருக்கிறாரா என்பதையும் செயலாளரிடமே கேட்டு, பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிவிடுங்கள். கடைசி மாடி என்றால் கூரையின் உள்பக்கம் ஈரத்திட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் உன்னிப்பாக.

பத்திரம் பதிந்த பிறகு

பட்டா மாற்றம், சொத்து வரி, குடிநீர் வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம் நான்கும் தனித்தனி வேலை. சர்வே எண்ணை உட்பிரிவு செய்யத் தேவையில்லாத சொத்துக்குப் பதிவானதுமே பட்டா தானாக மாறும் வசதி இருக்கிறது. மாறிவிட்டதா என்று இணையத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். வங்கியிடம் அசல் பத்திரங்களைக் கொடுக்கும்போது, கொடுத்த ஒவ்வொன்றின் எண், தேதி, பக்கங்களோடு ஒரு பட்டியலில் அவர்கள் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்கி வையுங்கள். கடன் முடிந்து முப்பது நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், அவர்கள் தரப்பில் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் நம்மிடம் தர வேண்டும் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. அப்போது மறக்காமல், கடன் அடைந்துவிட்டது என்று வங்கி எழுதித் தரும் ரசீதுப் பத்திரத்தையும் பதிந்துவிடுங்கள். அது பதிவாகாதவரை, கடன் அடைந்து எத்தனை வருடம் ஆனாலும் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும்.